காலை ஆறு மணி வேகம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனால் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். இந்த முறை மே மாதம் போனபோது கூடவே இன்னொரு சத்தம். உள் அறையில் அண்ணன் மகனின் கம்ப்யூட்டர் ஃபேன், சட்னி அரைக்கிற மிக்ஸி போல இரைந்துகொண்டிருந்தது.

பையன் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறான். பார்டரில் வரும் மயிலும் அன்னமும் கோபுரமும் இப்போது கம்ப்யூட்டரில்தான் கட்டம் கட்டமாக உருவாகின்றன. ராத்திரியானால் அதே கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோ எடிட்டிங், நடுநடுவே கேம். எல்லாவற்றையும் இழுப்பது ஒரு செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு.

“சித்தப்பா, இங்க பாருங்க. ஒரே பட்டன். கார்டு ஸ்பீடு ஏறிடும்” என்றான். மணி காலை ஆறு.

இதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓடவைப்பது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த சிப்புகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. சில நன்றாக ஓடும், சில தடுமாறும். தடுமாறுகிற சிப்பும் தாங்குகிற மாதிரி, கொஞ்சம் இடம் விட்டுத்தான் கம்பெனி வேகத்தை நிர்ணயிக்கிறது. அந்த மிச்சத்தை எடுத்துக்கொள்வதுதான் விஷயம்.

2018-ல் என்விடியா தன் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகளோடு, இதைத் தானே செய்கிற ஒரு ஸ்கேனரை அறிமுகப்படுத்தியது. அந்த வருடக் கடைசியில் ஏஎம்டியும் தன் மென்பொருளில் அதே மாதிரி வசதியைச் சேர்த்தது. பட்டனை அழுத்தினால் மென்பொருள் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும், சிப்புக்கு ஒரு கணக்குக் கொடுக்கும். விடை சரியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டும். தப்பு வந்தால் ஒரு படி இறங்கி நின்றுகொள்ளும். நாம் காபி குடித்துவிட்டு வருவதற்குள் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

எனக்கோ பழைய ஞாபகம் வந்துவிட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல கம்ப்யூட்டர் லேபுக்குள் போன தலைமுறை நான். கேபினட்டில் ‘டர்போ’ என்று ஒரு பட்டன் இருக்கும். வேகத்தைக் கூட்டுவதற்கு என்றுதான் நினைத்தோம். அது பிறந்ததே வேகத்தைக் குறைப்பதற்காக! 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதற்காக எழுதிய சில கேம்கள் பிறகு வந்த வேகமான மெஷின்களில் தலைதெறிக்க ஓடின. அவற்றை அடக்கத்தான் அந்தப் பட்டன்.

அப்புறம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் காலம். மதர்போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை என்று அலைந்து வாங்கி, காஞ்சிபுரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம். ஸ்க்ரீன் வரவில்லையா? ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட அழிரப்பரால் அதன் கால்களைத் தேய்த்து மாட்டினால் பாதி நாள் வந்துவிடும். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ எங்களுக்கெல்லாம் ஹீரோ. போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், 300-ல் ஓடவேண்டிய சிப் 450-ல் ஓடும். காசு கொடுக்காமல் ஒன்றரை மடங்கு!

பெருமையை மட்டும் சொல்லக்கூடாது. வோல்டேஜை ஏற்றி நான் சாகடித்த மதர்போர்டு ஒன்றும் கணக்கில் இருக்கிறது. அப்பா தறியில் சம்பாதித்த காசு அது. இன்றைய கார்டுகளில் எல்லை மீறாதபடி காவல் இருக்கிறது. அந்த வகையில் பையன் அதிர்ஷ்டசாலி.

ஆனால் லாபம்? என்விடியா 2012-லேயே, சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்து கார்டு தானாக வேகம் ஏறி இறங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. மிச்சம் இருந்ததில் பெரும்பகுதியைக் கார்டே எடுத்துக்கொள்கிறது. பையனுக்கு அன்று கிடைத்தது ஆறு சதவீதம். அதற்கே முகமெல்லாம் சிரிப்பு.

மத்தியானம் இரண்டு மணி. வெளியே நெருப்பு வெயில். ஓட்டு வீடு, அறையில் அனல். திடீரென்று ஸ்க்ரீன் கறுத்தது. திரும்பி வந்தபோது டிசைன் மென்பொருள் மூடியிருந்தது. இரண்டு மணி நேரமாக அவன் சேவ் பண்ணாமல் வரைந்த பார்டர் போய்விட்டது. சாயங்காலம் அட்டை குத்துகிறவரிடம் கொடுத்தாக வேண்டிய டிசைன். அது போகாவிட்டால் அந்த முகூர்த்தச் சேலைக்கு ஒரு தறி சும்மா நிற்கும். தறி நின்றால் நெய்பவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை.

பையன் பேசவில்லை. தறியிலிருந்து எழுந்து வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எத்தனை மணிக்குடா ஸ்பீடு பார்த்தே?” என்றார்.

“காலையில ஆறு மணிக்குப்பா.”

“காலையில ஓட்டுற கையும் மத்தியானம் ஓட்டுற கையும் ஒண்ணா?”

எனக்குச் சுரீர் என்றது. காற்று காய்ந்தால் பட்டு இழையும் காய்ந்து அறுக்கும். குழித்தறியில் நெய்வதற்கு ஒரு காரணமே, தரைக்குள் இருக்கிற ஈரப்பதம்தான். வெயில் ஏறினால் அண்ணன் கையைக் கொஞ்சம் நிதானமாக்குவார். யாரும் அவருக்கு எண் போட்டுக் கொடுக்கவில்லை. பட்டன் தப்பாக ஒன்றும் கணக்குப் போடவில்லை. ஆறு மணிக் குளிர்ச்சிக்கு எது சரியோ அதைத்தான் சொன்னது. இரண்டு மணிக்குக் கார்டு இருந்த அனல் அதற்குத் தெரியாது.

பழைய கம்ப்யூட்டர்களை நினைத்து நான் ஏங்குவதும் இதற்காகத்தான் என்று அப்போது தோன்றியது. அந்த டப்பாக்கள் நல்லவை என்பதால் இல்லை. தொட்டுப் பார்த்து, சூடு பார்த்து, பத்து தடவை ரீஸ்டார்ட் செய்து, மெஷினின் குணத்தை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பட்டனை வெறுக்க வேண்டாம். அது சொன்னதை நம் வீட்டு வெயிலில் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இந்தப் பட்டனை அழுத்தினால் சில விஷயங்களைச் சொல்லிவையுங்கள். முதலில் கேபினட்டைத் திறந்து தூசியைத் தட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் அதுவே பாதி வைத்தியம். சோதனையை உச்சி வெயிலில், வழக்கமான வேலையை ஓட்டியபடி செய்து பார்க்கட்டும். காசு வருகிற வேலை நடக்கும்போது கம்பெனி வேகமே போதும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை சேவ். நீங்கள் இதைப் படிக்கிற போன்கூட, வெயிலில் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அது கோளாறில்லை, புத்திசாலித்தனம்.

அன்று சாயங்காலம் நானும் அவனும் கார்டைக் கழற்றினோம். ஃபேனில் தூசியோடு பட்டு நூல் பிசிறும் சுற்றியிருந்தது. பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வேகத்தைப் பழையபடி வைத்தோம். “எதுக்கும் இருக்கட்டும்” என்று அழிரப்பரால் ரேமையும் தேய்த்தேன். சிரித்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்டரை மறுபடி வரைந்தான். விடிகாலையில் டிசைன் கிளம்பிவிட்டது.

நான் ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அவன் மானிட்டர் ஓரத்தில் ஒரு சின்ன சீட்டு ஒட்டியிருந்தது: ‘மத்தியானம் ரெண்டு மணிக்கு டெஸ்ட் பண்ணு.’ பக்கத்திலேயே, எனக்கு ரொம்பப் பழக்கமான அந்த அழிரப்பர்.