பந்து எல்லார் கைக்கும் வரட்டும்

லாஸ் ஏஞ்சலீஸில் 2028-இல் நடக்கவிருக்கும் ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்பால் முதல்முறையாக இடம்பெறுகிறது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ஒப்புதல் தந்தது. அதன் பிறகு அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு மவுசு கூடியிருக்கிறது. தொழில்முறை லீகான என்எஃப்எல் இதற்குத் துணை நிற்கிறது. பல மாநிலங்களில் மாணவிகளுக்கான அதிகாரபூர்வப் பள்ளி விளையாட்டாகவும் ஆகிவிட்டது. புதிய அணிகளும் மைதானங்களும் பணமும் வந்து சேரும் இந்த நேரத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒரே அணியில் ஆடும் ஒருங்கிணைந்த ஃபிளாக் ஃபுட்பால், ஒவ்வோர் ஊரின் வழக்கமான லீகிலும் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் நடத்திப் படம் எடுத்துக்கொள்ளும் காட்சிப் போட்டியாக அது நின்றுவிடக் கூடாது.

அமெரிக்க ஃபுட்பால் என்றாலே முட்டி மோதி ஆளைச் சாய்ப்பதுதான் நினைவுக்கு வரும். ஃபிளாக் ஃபுட்பாலில் அதற்கு இடமில்லை. வீரர்களின் இடுப்புப் பட்டையில் நாடாக்கள் தொங்கும். பந்தோடு ஓடுபவரின் நாடாவை எதிரணி உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். பந்தை வீசும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர், பந்து இருக்கும் கோட்டிலிருந்து 7 கெஜம் தள்ளி நின்றுதான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். முடிவெடுக்கச் சற்று நேரம் பிடிக்கும் வீரருக்கு அந்த இடைவெளி தரும் ஒன்றிரண்டு நொடிகள் பெரிய வாய்ப்பு. யாருக்காகவும் விதியைத் தளர்த்தாமலே பலருக்கு இடம் தரக்கூடிய ஆட்டம் இது.

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்காக யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968-இல் சிகாகோவில் தொடங்கிவைத்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், 1980களின் இறுதியிலிருந்து இத்தகைய ஒருங்கிணைந்த விளையாட்டுகளை நடத்துகிறது. அதன் ஃபிளாக் ஃபுட்பாலில் களத்தில் நிற்கும் ஐவரில் மூவர் அறிவுசார் மாற்றுத்திறனாளிகள். இருவர் 'பார்ட்னர்' எனப்படும் மற்றவர்கள். பார்ட்னர்கள் ஆட்டத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அங்கே அடிப்படை நெறி.

இந்த நெறி ஏன் தேவை என்பது களத்தைப் பார்த்தால் விளங்கும். வேகமான பார்ட்னர் ஒருவர் ஒவ்வொரு முறையும் தானே பந்தை வாங்கி, தானே ஓடி டச் டவுன் போட முடியும். ஸ்கோர் ஏறும். ஆட்டம் முடியும்போது மாற்றுத்திறனாளிகள் மூவரின் இடுப்பிலும் நாடாக்கள் அப்படியே தொங்கும். பந்தே வராதவரின் நாடாவை யார் உருவப்போகிறார்கள்? இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எதிரணியினர் நாடாவை உருவுவதுபோலக் கையை நீட்டி, வேண்டுமென்றே விட்டுவிட்டு, மாற்றுத்திறனாளி வீரர் எல்லைக்கோடு வரை ஓடுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். வாரக்கணக்கில் பயிற்சி செய்தவருக்கு, தான் ஜெயித்தது எது, ஜெயிக்க வைக்கப்பட்டது எது என்று நன்றாகவே தெரியும். முதலாவது புறக்கணிப்பு, இரண்டாவது இரக்கம். இரண்டுமே அவரை வீரராக மதிக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகள் வந்தால் ஆட்டத்தின் தரம் போய்விடும் என்பவர்கள் ஃபுட்பாலின் வரலாற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும். அணியினர் வட்டமாகக் கூடி நின்று அடுத்த திட்டத்தைப் பேசிக்கொள்ளும் 'ஹடில்' இன்று அந்த ஆட்டத்தின் அடையாளம். அதைத் தந்தவர்களாகப் பரவலாகப் போற்றப்படுபவர்கள், வாஷிங்டனின் காலடெட் கல்லூரியில் படித்த காது கேளாத மாணவர்கள். 1890களில் அவர்களது குவாட்டர்பேக் பால் ஹப்பர்ட், தங்கள் சைகை மொழியை எதிரணி படித்துவிடக் கூடாது என்பதற்காகத் தோழர்களை வட்டமாக நிறுத்தினார். தரத்தைக் காக்கும் வழியும் கையில் இருக்கிறது: ஏறத்தாழ ஒரே திறன் கொண்ட அணிகளைப் பிரிவு பிரிவாக மோதவிடுவது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அதைத்தான் செய்கிறது.

சட்டமும் இதன் பக்கம்தான். அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் அமைப்புகள் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பள்ளி விளையாட்டிலும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று 2013-இல் கல்வித் துறை விளக்கமளித்தது. ஒருங்கிணைந்த அணிகளை ஒரு வழியாகவும் சுட்டிக்காட்டியது. ஆனால் பணத்துக்குத்தான் உத்தரவாதம் இல்லை. 2019-இல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்கான 1.76 கோடி டாலர் அரசு உதவியை நிறுத்தக் கல்வித் துறையே பரிந்துரைத்தது. கண்டனம் வெடித்த பிறகே அதிபர் டிரம்ப் அதிலிருந்து பின்வாங்கினார். கண்டனம் எழுந்தால்தான் தப்பும் என்ற நிலையில் எந்தத் திட்டத்தையும் விட்டுவைக்கக் கூடாது.

பள்ளி அணிகள் மட்டும் போதாது என்பதற்கும் காரணம் உண்டு. பள்ளிப் படிப்பு முடியும் நாளில் அந்தச் சீருடையும் கழன்றுவிடுகிறது. வேலையும் நட்பும் கிடைப்பது மிகக் கடினமாகும் வயதில், வாரந்தோறும் தன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அணி ஒன்று இருப்பது சாதாரண விஷயமில்லை. அதை ஊர் லீகுகள்தான் தர முடியும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அணியிலேயே ஆட விரும்புபவர்களுக்கு அந்த வழியும் திறந்திருக்கட்டும். சக்கர நாற்காலியில் ஆடுபவர்களுக்குக் கடினத் தரை தேவை. நகர நிர்வாகங்கள் அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

நாம் வலியுறுத்துவது இவ்வளவுதான். ஒருங்கிணைந்த அணிகளுக்கும் முழுப் பருவ அட்டவணையும், தகுதியான நடுவர்களும், உண்மையான புள்ளிப் பட்டியலும் வேண்டும். பயிற்சியாளர்களுக்குத் தனிப் பயிற்சியும், சொந்தமாக வண்டி ஓட்ட முடியாதவர்களுக்குப் போக்குவரத்து வசதியும் வேண்டும். ஒலிம்பிக்கை முன்னிட்டு ஃபிளாக் ஃபுட்பாலுக்கு வரும் நிதியில் இவற்றுக்கெனத் தனிப் பங்கு ஒதுக்கப்பட வேண்டும். அணிப் பட்டியலை எழுதத் தொடங்கும்போதே இவர்கள் பெயரும் அதில் இருக்கட்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் எந்த விளையாட்டிலும் போராடாமல் உள்ளே வந்ததில்லை.