நாருக்கும் விலை வேண்டும்: ஸ்ரீரங்கப்பட்டணம் பிரகடனம்

குலை வெட்டிய வாழை மறுபடி காய்க்காது. அதைச் சாய்த்து வரப்பில் போடுகிறோம். காய்ந்ததும் கொளுத்துகிறோம், இல்லையென்றால் வாய்க்காலில் தள்ளிவிடுகிறோம். கரும்புச் சோகைக்கும் பல வயல்களில் அதே கதிதான். 1933இல் மண்டியாவில் மைசூர் சர்க்கரைக் கம்பெனி எழுந்த காலம் தொட்டு, கன்னம்பாடி அணை நீர் பாயும் இந்த மண்ணில் கரும்பின் சாற்றுக்கு விலை பேசிவருகிறோம். நாருக்கு விலை கேட்க நமக்குத் தோன்றவில்லை.

காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடும் இந்தத் தீவூரில், கன்னடமும் தமிழும் பேசும் உழவர்களும் பட்டறைக்காரர்களும் மாணவர்களும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். வயலில் வீணாகும் நாரைப் பழைய பிளாஸ்டிக்கோடு கலந்து உறுதியான பொருளாக்க வேண்டும். அந்த நாருக்கு உரிய காசு உழவர் கைக்கு வர வேண்டும்.

இப்படிக் கலப்பது நேற்று முளைத்த யோசனை அல்ல. நம் தாத்தா வீட்டுச் சுவரில் இருந்த கறுப்பு ஸ்விட்சை நினைத்துப் பாருங்கள். 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட் பிசினோடு மரத்தூள் கலந்து வார்த்த சாமான் அந்த வகை. இன்று மைசூரில் ஜெயச்சாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியில் பாலிமர் துறை இருக்கிறது. பெங்களூரின் மர அறிவியல் நிறுவனம் தாவர நாரைப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கோடு சேர்த்து ஆராய்ந்திருக்கிறது. படித்தவர்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

சிக்கல் இருப்பதையும் மறைக்கவில்லை. நார் ஈரத்தை இழுக்கும். பிளாஸ்டிக் ஈரத்தை அண்டவிடாது. இரண்டும் எளிதில் ஒட்டாது. வெறும் நாரைக் கலந்து வார்த்த துண்டை ஒடித்துப் பாருங்கள்: உடைந்த முகத்தில் நார் அறுந்திருக்காது, வழுக்கி உருவிக்கொண்டு வந்திருக்கும், அது இருந்த இடத்தில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். நாரைக் காரநீரில் ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிணைப்புப் பொருளும் சேர்த்தால்தான் பிடிப்பு வரும். சூடு 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். 165 டிகிரி அளவில் உருகும் பாலிப்ரொப்பிலீன் இதற்குத் தோது.

எங்கள் உறுதிமொழி இது. முதல் உரிமை மண்ணுக்கே: சோகையை மூடாக்காகப் பரப்பும் உழவரிடம் அதை விற்கச் சொல்ல மாட்டோம். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் சக்கைதான் விறகு. அதிலும் கைவைக்க மாட்டோம். நார் கலந்ததாலேயே பிளாஸ்டிக் மக்கிவிடாது. ஆகவே ‘மக்கும்’ என்ற பொய்யை எந்தப் பொருளிலும் அச்சிட மாட்டோம். ஒருமுறை தின்று எறியும் தட்டும் கரண்டியும் செய்யவே மாட்டோம். கதவுப் பலகை, பெஞ்சு, காய்கறிக் கூடை என்று ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பொருள்களை மட்டுமே செய்வோம். உடைந்தால் திரும்ப வாங்கி அரைத்து மறுபடி வார்ப்போம்.

உழவர்களே, அடுத்த குலை வெட்டும்போது மரத்தைக் கொளுத்தாதீர்கள். மட்டையை உரித்து நிழலில் வையுங்கள். வரப்புக்கே வந்து எடை போட்டு எடுத்துக்கொள்கிறோம். காசையும் அங்கேயே தருகிறோம்.