ஒரு பக்கத் தேய்மானம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் கிளம்புமுன் என் பழைய டீசல் ஜீப்பின் ஃபேன் பெல்ட்டைப் பார்த்தேன். ஒரு விளிம்பு மட்டும் நைந்து, நூல் பிரிந்திருந்தது. ஆறு மாதத்தில் மூன்றாவது பெல்ட். "சரக்கு மட்டம் சார்" என்று புதியதை நீட்டினார் கடைக்காரர். பட்டறைப் பெரியவர் விடவில்லை. இன்ஜினை அணைத்து, இரும்பு ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தோடு ஒட்டிவைத்தார். ஆல்டர்னேட்டர் பக்கம் இடைவெளி தெரிந்தது. பிராக்கெட்டின் போல்ட் துளை தேய்ந்து ஆல்டர்னேட்டரே சாய்ந்திருக்கிறது! (இரு பக்கமும் பளபளத்தால் அது வேறு நோய்: பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது.)

இதுபோன்ற பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் அறுந்தால், ஓரிரு மிதிக்குப் பின் பெடல் கல்லாகிவிடும். திருமலையிலிருந்து இறங்குவதோ, 1944இல் திறந்த பழைய மலைப்பாதையில். பிராக்கெட்டை மாற்றி, மறுநாள்தான் புறப்பட்டேன்.