கணக்குக் காட்டாத வாரியம்

"ஆற்றையும் குளத்தையும் காப்பாற்றச் சர்வகலாசாலை எதற்கு? நாலு பேர் மண்வெட்டி எடுத்தால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதிலும் படித்தவர்களே கேட்பதுதான் வேடிக்கை.

அவர்களுக்குக் காஞ்சிபுரத்துத் தல புராணத்தை ஞாபகப்படுத்துகிறேன். தன்னை விட்டுப் பிரம்மா யாகம் தொடங்கினார் என்று கோபித்துக்கொண்ட சரஸ்வதிதான் வேகவதி நதியாகப் பாய்ந்து வந்தாளாம். திருவெஃகாவில் பெருமாள் குறுக்கே படுத்து அவளைத் தடுத்தாராம். இன்று அவருக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆக்கிரமிப்பும் சாக்கடையும் சாயத் தண்ணீருமாக நாமே அவளைத் தடுத்துவிட்டோம். வருஷத்தில் ஒரு நாள் புத்தகத்தை அடுக்கிச் சரஸ்வதிக்குப் பூஜை. மற்ற நாளெல்லாம் அவள் தலையிலேயே கழிவு!

பக்தியில் குறைவில்லை. 2019-இல் அனந்தசரஸ் குளத்து நீரை இறைத்து அத்திவரதரை எழுந்தருளச் செய்தபோது, 48 நாட்கள் ஜனங்கள் அலைமோதினார்கள். அதற்கு முன் 1979, இனி 2059. சுவாமி நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை தரிசனம் தரட்டும். தண்ணீரையும் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் பார்ப்போம் என்றால் நியாயமா?

"நம் முன்னோர் என்ன ஆராய்ச்சி செய்தார்கள்?" என்பார்கள். காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். முதல் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையில் ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் உட்காரப் படிப்பு வேண்டும். அது வேதப் படிப்புத்தான். நீரைப் பற்றிய படிப்பு அல்ல. ஆனாலும் படிக்காதவன் கையில் ஏரியை ஒப்படைக்க அவர்கள் துணியவில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கோ அவன் உறவினருக்கோ ஓலையில் பெயரே கிடையாது.

இந்தக் காலத்தில் தண்ணீருக்குக் கணக்கு எழுதத் தெரிந்தவன் விஞ்ஞானி. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டி வாஷிங்டன் ஏரி இருக்கிறது. 1955-இல் அங்குள்ள சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் அதில் ஒரு வகைப் பாசியைக் கண்டார்கள். பேராசிரியர் எட்மண்ட்சன் காரணம் சொன்னார்: ஏரியில் விட்டது சுத்திகரித்த சாக்கடை நீர்தான், ஆனால் அதில் இருந்த பாஸ்பரஸ் பாசிக்கு உரமாகிவிட்டது. 1958-இல் ஜனங்கள் வோட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். 1963 முதல் 1968 வரை சாக்கடையை வேறு வழியில் திருப்பினார்கள். ஏரி தெளிந்தது. மண்வெட்டியால் பாஸ்பரஸை அள்ள முடியுமா, ஐயா?

சர்வகலாசாலைக்காரர்களையும் நான் விடப்போவதில்லை. ஆற்றங்கரையில் நீரை மொண்டு போகிறீர்கள். இங்கிலீஷில் எழுதிப் பட்டம் வாங்குகிறீர்கள். கட்டுரை அலமாரியில் தூங்குகிறது. அந்த நீரைக் குடித்த ஊருக்கு அதில் என்ன பிரயோஜனம்? மாதந்தோறும் வேகவதியிலும் ஒவ்வொரு குளத்திலும் பிராணவாயு எவ்வளவு, உப்பு எவ்வளவு, எந்த மீன் மிச்சம் இருக்கிறது என்று தமிழில் எழுதி மாநகராட்சி வாசலில் ஒட்டுங்கள். பட்டு நெய்கிறவனும் படிக்கட்டும். அதை உடுத்துகிறவளும் படிக்கட்டும்.

பிறகு அந்த வாசலுக்குள் உட்கார்ந்திருப்பவர்களை ஊர் கேட்கும். கணக்குக்குப் பதில் சொல்லாதவன் பெயரை அடுத்த தடவை ஓலையில் எழுத வேண்டாம். நான் சொல்லவில்லை; உத்திரமேரூர்க் கல் சொல்கிறது.