வளையலோடு வரவேண்டிய தாள்

வளைகாப்பு முடிந்து தாய்வீடு வரும் பெண்கள் கை நிறைய வளையல்களோடு வருகிறார்கள். மூன்றாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கை மட்டும் சென்னையிலோ திருப்பூரிலோ கணவர் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது. பிறகு ஒரு நள்ளிரவில் வலி எடுத்து காரைக்காலுக்கு அழைத்து வருகிறார்கள். எத்தனை வாரம் என்று கேட்டால், “எட்டாம் மாதம் நடக்கிறது” என்பார் தாயார். “ஏழே முடியவில்லை” என்பார் மாமியார். எங்களுக்கு வேண்டியது மாதமன்று, வாரம்.

34 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு, நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள் போதிய அளவு சுரந்திராது. தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசியை 6 மில்லிகிராம் வீதம், 12 மணிக்கு ஒருமுறையாக நான்கு முறை செலுத்தினால், அது நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து அச்சுரப்பை விரைவுபடுத்தும். இவ்வகை மருந்தின் பயனை நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹௌயி ஆகிய இருவரும் 1972-இல் வெளியிட்டனர்.

ஆனால் கணக்குப் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். பெல்காம், நாக்பூர் பகுதிகள் உட்பட ஆறு நாடுகளில் இதே மருந்தைக் கிராமந்தோறும் பரவலாக வழங்கிய ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு குறையவில்லை. சற்றுக் கூடவே செய்தது. பலருக்கு வயிற்றை நாடாவால் அளந்தே வாரம் கணிக்கப்பட்டது. ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோர்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமோ இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், ஸ்கேனால் வாரத்தை உறுதி செய்து, குறைமாதக் குழந்தையைப் பேணும் வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் இம்மருந்தை அளித்தது. 2020-இல் வெளிவந்த அம்முடிவில், இறப்பு நூற்றுக்கு 23.5-இலிருந்து 19.6 ஆகக் குறைந்திருந்தது.

கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் இரண்டு மூன்று வாரம் முன்பின்னாகக் காட்டக்கூடும். ஆகவேதான் முதல் ஸ்கேனுக்கு இத்தனை மதிப்பு. தாள் தொலைவது குடும்பத்தாரின் குற்றம் மட்டுமன்று. அதைக் கொடுக்கும்போது பிரசவத் தேதியைப் பெரிதாக எழுதி விளக்காத மருத்துவர்களாகிய எங்களுக்கும் அதில் பங்குண்டு.

‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டே மறுப்பவர்கள் உண்டு. இது இரண்டு நாள் மருந்து. ஆண்டுக்கணக்கில் உண்ணும் மாத்திரையோடு இதை ஒப்பிடுவது சரியன்று. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். இதற்கு நேர்மாறாக, நல்ல நேரம் பார்த்து 37-ஆம் வாரத்திலேயே அறுவை செய்யுங்கள், வேண்டுமானால் நுரையீரல் ஊசி போட்டுவிடுங்கள் என்று கேட்போரும் உண்டு. அதற்கு நாங்கள் இசைவதில்லை. இம்மருந்துக்குப் பின் பிறக்கும் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்வதுண்டு. தேவையின்றி அந்த இடரை ஏன் ஏற்க வேண்டும்?

ஊசி முழுப் பயன் தர ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். எனவே நெடுங்காட்டிலோ திருமலைராயன்பட்டினத்திலோ இரவில் வலி தொடங்கினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ அனுப்ப நேர்ந்தாலும் முதல் ஊசியை இங்கேயே போட்டு அனுப்பலாம். ஸ்கேன் தாளை இன்றே கைப்பேசியில் படம் எடுத்து, தாய்வீட்டில் ஒருவருக்கும் கணவருக்கும் அனுப்பி வையுங்கள்.