வேர் யாருடையது?

பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்களே என்று ஒப்பாரி வைக்காத பெரியவர் இல்லை. படித்தான், உத்தியோகம் என்றான், அமெரிக்கா என்றான், கடைசியில் வேரையே அறுத்துக்கொண்டான் என்கிறார்கள். கேட்கப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அதே வீட்டில் பிறந்த பெண்ணைத் தலைமுறை தலைமுறையாக மேளதாளத்தோடு பிடுங்கி வேறோர் ஊரில் நட்டோமே, அப்போது எந்தப் பெரியவர் வேரைப் பற்றிப் பேசினார்? வாசலில் நின்று நாலு சொட்டுக் கண்ணீர் விட்டார். பிறகு பந்திக்கு இலை போதுமா என்று பார்க்கப் போய்விட்டார்.

அவளுக்குப் பிறந்த வீடு உண்டு; சொந்த ஊர் கிடையாது. ஊர் என்பது ஆண்பிள்ளையின் விலாசம்.

சட்டம் என்னவோ எப்போதோ விழித்துக்கொண்டது. இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பினால் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. அதற்குமுன் கல்யாணமாகிப் போனவளுக்கு இல்லை என்று ஒரு வேலியும் வைத்தார்கள். 2005-ல் மத்திய சட்டம் அந்த வேலியையும் எடுத்துவிட்டது.

நடப்பதென்ன? தகப்பனார் காரியம் முடிந்த கையோடு, வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் தங்கையைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போகிறான். விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கிறது. "உனக்குச் சீர் செய்யப் பிறந்த வீடு வேண்டாமா, அம்மா?" என்று உறவினர் ஒருவர் இதமாகச் சொல்கிறார். அந்த இதத்துக்கு விலை அவளுடைய பங்கு. கையெழுத்தான பிறகு அண்ணன் விமானம் ஏறுகிறான். வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. இரண்டு வருஷத்தில் அது மனைக்கட்டாகிவிடுகிறது. அவன்தான் ஊர்ப்பாசம் உள்ளவன்! திண்ணையின் புகைப்படம் அவன் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறதே.

பெற்றோரைக் காக்கும் கடமை என்று வரும்போது மட்டும் அவள் மகளாகிவிடுகிறாள். 2007-ஆம் வருஷத்துச் சட்டம் மகன், மகள் இருவர் மீதும் அந்தக் கடமையை வைத்திருக்கிறது. நியாயம்தான். மகள் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று வீறாப்புப் பேசிய எத்தனையோ தகப்பன்மார் கடைசியில் கஞ்சி குடித்தது அவள் கையால்தான். தன் சம்பளத்திலிருந்து அவள் மருந்து வாங்கினால் மாமியார் முகம் சுளிக்கிறாள். அவளும் ஒரு காலத்தில் பிறந்த வீட்டைத் துறந்து வந்தவள் என்பதுதான் வேடிக்கை.

பங்கு கேட்டால் குடும்பம் உடைந்துவிடும் என்கிறார்கள். ஒரு முழ வரப்புக்காக அண்ணனும் தம்பியும் இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தபோது உடையாத குடும்பம், தங்கை வாய் திறந்ததும் உடைந்துவிடுமாம்!