கம்ப்யூட்டருக்கும் வேண்டும் அறிதுயில்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாளின் உறக்கத்துக்கு நம் முன்னோர்கள் 'அறிதுயில்' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். உடல் ஓய்ந்திருக்கும், அறிவு ஓயாது. கூப்பிட்ட மாத்திரத்தில் எழுந்து வரத் தயாராக இருக்கும் உறக்கம் அது. திருச்சி, ஸ்ரீரங்கம் வாசிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று இதை நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் வேறு. ஆபீசிலும் கல்லூரியிலும் வீட்டிலும் நாம் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் இப்படிப்பட்ட ஓர் உறக்கத்தை அவற்றைச் செய்தவர்கள் அமைத்தே கொடுத்திருக்கிறார்கள். நாம்தான் அவற்றை உறங்க விடுவதில்லை!

மாலையில் கண்டோன்மெண்டிலும் தில்லைநகரிலும் ஆபீஸ்கள் மூடப்படும் நேரத்தைக் கவனியுங்கள். கடைசியாகப் புறப்படுகிறவர் விளக்கை அணைக்கிறார், மின்விசிறியை நிறுத்துகிறார், ஜன்னலைச் சாத்திக் கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்க்கிறார். எல்லாம் பழக்கம். ஆனால் உள்ளே மேசைமேல் கம்ப்யூட்டர்கள் விழித்திருக்கின்றன. பார்க்க ஒருவரும் இல்லாத அறையில், திரையில் ஏதோ ஒரு வண்ணப் படம் விடிய விடிய மிதந்துகொண்டிருக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து பெரிய கல்லூரிகளின் பயிற்சிக் கூடம் வரை இது சகஜமான காட்சி.

ராத்திரிக்கு ஒரு யூனிட்

கணக்கு மிக எளியது. சாதாரண மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று, வேலை எதுவும் செய்யாமல் சும்மா விழித்திருந்தாலும், திரையையும் சேர்த்து ஏறத்தாழ 60 வாட் மின்சாரம் இழுக்கும். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 10 மணி வரை 16 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்றே குறைவு. ராத்திரிக்கு ஒரு யூனிட் என்றே வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிக் கணக்கு.

ஒரு யூனிட்தானே என்று தோன்றும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. ஏழைக் குடும்பம் ஒன்று அந்த நூறு யூனிட்டுக்குள் அறுபது நாளை ஓட்டிவிட வேண்டும் என்று விளக்கையும் விசிறியையும் கணக்குப் பார்த்துப் போடுகிறது. முப்பது கம்ப்யூட்டர் உள்ள ஓர் ஆபீஸோ, யாருக்கும் எந்தப் பயனும் இன்றி, நான்கே ராத்திரியில் அந்த நூறு யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்புக்கு மாத்திரம் அல்ல, விரயத்துக்கும் பொருந்தும்.

அதே கம்ப்யூட்டரை உறங்க வைத்தால் என்ன செலவாகும்? இரண்டு, மூன்று வாட்தான். இருபதில் ஒரு பங்கு!

நம் ஊர்க் கொதிகலன்

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத் திருச்சிக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே அறிவார்கள். திருவெறும்பூர்ப் பக்கத்தில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை, செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்புடன் அமைந்து, 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அன்று முதல் நாடெங்கும் உள்ள அனல் மின் நிலையங்களுக்கு இங்கிருந்து கொதிகலன்கள் போய்க்கொண்டிருக்கின்றன. நம் ஊர்த் தொழிலாளியின் கைத்திறனுக்கு அவை சாட்சி. அதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்தக் கொதிகலனுக்குள் எரிவது நிலக்கரி. இந்தியாவின் மின்சாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். ஆக, உறங்காத ஒரு கம்ப்யூட்டர் ஒவ்வோர் இரவும் முக்கால் கிலோ நிலக்கரியைத் தின்று, கால் கிலோ சாம்பலை எங்கேயோ ஒரு கிராமத்து ஓரத்தில் கொட்டுகிறது. வானத்தில் சேரும் கரியமில வாயு வேறு.

தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் பெருகியிருக்கிறதே என்று கேட்கலாம். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் சூரியன் மாலையில் மறைந்துவிடுகிறான். காற்றாலைகளோ காற்று வீசும் பருவத்தில்தான் மும்முரமாகச் சுழலும். கம்ப்யூட்டர் வீணாக விழித்திருக்கும் நேரம், நாடு நிலக்கரியையே பெரிதும் நம்பியிருக்கும் அந்த இராப்பொழுது. 2012-ஆம் ஆண்டில் மின்வெட்டால் பல மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்த அனுபவம் நம் மாவட்டத்தார்க்கு மறந்திருக்க முடியாது. மின்சாரத்தின் அருமை அன்று தெரிந்தது. இன்று மறந்துவிடலாமா?

சாக்குகள்

இதைச் சொன்னால் சில பதில்கள் தயாராக வரும். அடிக்கடி நிறுத்திப் போட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்பது ஒன்று. இன்றைய கம்ப்யூட்டர்கள் தினமும் நிறுத்திப் போடுவதைத் தாங்கும்படியே செய்யப்படுகின்றன. ஓயாத சூட்டிலும் தூசியிலும் கிடப்பதுதான் அவற்றுக்குக் கெடுதல். நிறுத்தி மறுபடி போடுவதற்கு அதிக மின்சாரம் ஆகும் என்பது மற்றொன்று. எழுந்து நிற்க அதற்கு ஓரிரு நிமிஷம்தான் பிடிக்கிறது. பதினாறு மணி நேரத்துக்கு அது எப்படி ஈடாகும்?

திரையில் படம் மிதந்தால் மின்சாரம் மிச்சம் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நிலைத்து நின்றால் அதன் தழும்பு பதிந்துவிடும். அதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. இன்றைய திரையில் அதனால் ஒரு பைசாவும் மிச்சமாகாது. திரை இருண்டால்தான் மிச்சம்.

காலையில் வந்ததும் விட்ட இடத்தில் வேலையைத் தொடர வேண்டும் என்பது ஒன்றுதான் நியாயமான பதில். அதற்குத்தான் உறக்கம் இருக்கிறது. அதில் இரு வகை உண்டு. முதல் வகையில், செய்துகொண்டிருந்த வேலை நினைவகத்தில் அப்படியே நிற்கும். ஒரு விசையைத் தொட்டால் சில விநாடிகளில் எழுந்துவிடும். ஆனால் கரண்ட் போய்விட்டால், மின்கலம் இல்லாத மேசைக் கம்ப்யூட்டரில் சேமிக்காத வேலை போய்விடும். இரண்டாம் வகை ஆழ்ந்த உறக்கம். வேலை முழுவதையும் வட்டில் எழுதி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கரண்ட் போனாலும் கவலையில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகும்போது முதல் வகை. வீட்டுக்குப் புறப்படும்போது இரண்டாம் வகை. இதைத் தினமும் நினைவில் வைக்கக்கூட வேண்டாம். பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் திரை இருள வேண்டும், அரை மணி தொடாவிட்டால் கம்ப்யூட்டர் உறங்க வேண்டும் என்று ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு லாபம் உண்டு. கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் முடிவில் சூடாகத்தான் மாறுகிறது. சித்திரை வெயிலில் நம் ஊர் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, அந்தச் சூட்டையும் அறையை விட்டு வெளியேற்ற ஏர் கண்டிஷனர் மேலும் மின்சாரம் தின்கிறது. பகலில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டருக்கு நாம் இரண்டு முறை பில் கட்டுகிறோம்.

அற்ப ஆயுள் வேண்டாம்

இரவில் உறங்க வைக்கச் சொல்லும் நாம், கம்ப்யூட்டரை அகால மரணத்துக்கு உள்ளாக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம். ஒரு மடிக்கணினியால் காற்றில் சேரும் கரியில் பெரும் பகுதி, அது கடைக்கு வரும் முன்பே, சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் சேர்ந்துவிடுகிறது. மூன்று வருஷத்தில் தூக்கி எறிவதும் ஆறு வருஷம் வைத்து ஆள்வதும் எப்படி ஒன்றாகும்?

இது இப்போது அவசரமான விஷயம். விண்டோஸ் 10-க்குத் தரும் வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்காத கம்ப்யூட்டர்கள் ஏராளம். 'இனி இது உதவாது' என்ற பேச்சைக் கேட்டவுடன் அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. பழைய சுழல் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டி, விலையில்லாத லினக்ஸ் ஏற்றினால், கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் பிள்ளைகள் பாடம் படிக்கவும் அது இன்னும் சில ஆண்டு உழைக்கும். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் பதிப்பு, தமிழ் உட்பட நம் நாட்டு மொழிகளில் இயங்குவது.

உண்மையாகவே ஆயுள் முடிந்துவிட்டால், போய்ச் சேரும் இடம் முக்கியம். பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் ஒரு கிலோ அளவுக்குக்கூட ஈயம் கலந்திருக்கும். செம்புக்காகக் கம்பியைக் கொளுத்துவதும், தங்கத்துக்காகப் பலகையை அமிலத்தில் ஊறவைப்பதும் காற்றையும் மண்ணையும் நஞ்சாக்கும். திருச்சிக்குக் குடிநீர், காவிரி, கொள்ளிடப் படுகைகளில் தோண்டிய கிணறுகளிலிருந்து வருகிறது. ராமநாதபுரம் சீமை வரையில் இந்தப் படுகையின் தண்ணீர் போகிறது. பல காலமாக அரியமங்கலத்தில் மலையாகக் குவிந்த குப்பை தீப்பற்றிப் புகைந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய பொருள்களைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு அவற்றைத் தயாரித்த கம்பெனிகளைச் சேர்ந்தது. அந்த விதி நம் வீட்டு வாசலுக்கு வந்து எட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா, மின்சாரச் சிக்கனத்துக்கு நட்சத்திர முத்திரை தரும் திட்டத்தை 1992-இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது கம்ப்யூட்டரையும் அதன் திரையையும்தான். தாமாக உறங்கத் தெரிந்த கம்ப்யூட்டர்கள் அதனால் உலகமெங்கும் பரவின. வழி அன்றே பிறந்துவிட்டது, பழக்கந்தான் பிறக்கவில்லை.

நம் நகரில் சர்க்கார் ஆபீஸ்களும் மாநகராட்சியும் முன்னால் நின்று வழிகாட்ட வேண்டும். ஒவ்வோர் ஆபீசிலும் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் உறக்க ஏற்பாடு செய்யும்படி ஒருவரைப் பொறுப்பாக்கினால் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். செலவு ஒன்றுமில்லை. புதிதாக வாங்கும்போது விலையோடு வாட்டையும் பார்க்க வேண்டும்; மேசைக் கம்ப்யூட்டர் இழுப்பதில் பாதிக்கும் குறைவாகவே மடிக்கணினி இழுக்கும். ஆண்டுக்கு இரண்டு நாளாவது வார்டு தோறும் பழைய கம்ப்யூட்டர்களையும் மின்கலங்களையும் வாங்கிக்கொள்ள மாநகராட்சி ஏற்பாடு செய்யட்டும்.

1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய தேசிய தொழில்நுட்பக் கழகம் நம் ஊரில் இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகமும், நூறாண்டு கடந்த கல்லூரிகளும் இருக்கின்றன. அங்குள்ள மாணவர்கள் ஒரே ஓர் இரவு தங்கள் வளாகத்தில் எத்தனை கம்ப்யூட்டர் வீணாக விழித்திருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடட்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணட்டும். நூறு சொற்பொழிவு செய்யாததை அந்த இரண்டு எண்கள் செய்துவிடும்.

வீட்டிலோ இது இன்னும் சுலபம். படுக்கப் போகுமுன் அடுப்பங்கரை விளக்கை அணைத்தோமா, வாசல் கதவைத் தாழிட்டோமா என்று பார்ப்பவர்கள், கம்ப்யூட்டரையும் ஒரு பார்வை பார்த்தால் போதும். நாம் உறங்கும்போது அதுவும் உறங்கட்டும். விடிந்தபின் கூப்பிட்டால் எழுந்து வரும்.